பாலாற்றில் இடுப்பளவு தண்ணீர்

எங்கள் லைன் வீட்டின் கடைசி வீட்டுக்கு பீகாரிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தபோது, வீட்டுக்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ரெண்டு மாசம் பாருங்க, பேஜார் ஜாஸ்தின்னா சொல்லுங்க, காலி பண்ணச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேஜார் ஒன்றும் வரவில்லை. கடுகெண்ணெய் வாசனைதான் வந்தது. முதல் வாரம் முழுக்க என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி காயப்போட்டாள். இரண்டாம் வாரம், "இன்னாதான் வேக வெக்கிறா அவ, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம் இருந்தது. சுட்ட கத்தரிக்காயைப் பூண்டோடு பிசைந்து அதே எண்ணெயை விட்டிருந்தார்கள். அன்று இரவு எனக்கு ஒரு கவளம்தான் மிச்சம் கிடைத்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். படித்தது ஐந்தாவது வரை. வேலையில் கை ஓடும், வாய் ஓடாது. ஓட்டலில் சாம்பார் ஊற்ற மறந்துவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டு வெறும் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்து வருகிற ஆள். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் என் மனைவி பேசிவிடுவாள். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் எல்லோரும் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர் என்று சுற்றுப்பட்டு ஆட்கள்தான். வடக்கத்தி ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் மெட்ராஸ் போக வேண்டும். கட்டடச் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வந்தார்கள். அங்கிருந்து ஒருவர் சொல்லி ஒருவராக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். முதலில் தனி ஆண்கள். ஒரு ரூமில் எட்டுப் பேர், பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். அப்புறம் ஒருவன் மனைவியை அழைத்து வந்தான், அதைப் பார்த்து இன்னொருவன். பெண்கள் வந்த பிறகுதான் ஊர் மாறியது. எங்கள் மளிகைக்கடைக்காரர் கடுகெண்ணெயும் கடலை மாவும் வாங்கி வைத்தார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பாதி ஊர் உருது பேசும். எங்கள் மேஸ்திரி உருதுவில் திட்டுவார், அவர்கள் இந்தியில் சிரிப்பார்கள்.

கடைசி வீட்டுக்காரன் எனக்கு அடுத்த மேஜையில்தான் வேலை செய்கிறான். முன்பு ஐந்தாறு வருஷம் மெட்ராஸில் இருந்தவன் என்பதால் தமிழ் பேசுவான். "அண்ணே, நீ வா, நீ உட்காரு" என்பான். மரியாதை எல்லாம் அந்த 'அண்ணே'யிலேயே முடிந்துவிடும். அவன் மனைவிக்குத் தமிழ் வராது, என் மனைவிக்கு இந்தி வராது. இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் அழுதிருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சூரியனுக்கு ஒரு நோன்பு உண்டு. வீட்டில் ஒருத்தி அதை எடுத்துச் செய்வாள். முதல் நாள் ராத்திரி வெல்லப் பாயசம் சாப்பிட்டால், அதற்கப்புறம் சோறு இல்லை, தண்ணீரும் இல்லை. மறுநாள் சாயங்காலம் ஆற்றில் இறங்கி நின்று, மறைகிற சூரியனுக்குப் படைக்க வேண்டும். அதற்கு மறுநாள் காலையில் அதே தண்ணீரில் நின்று, உதிக்கிற சூரியனுக்குப் படைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படலாம். எடுத்த நோன்பை ஒரு வருஷமும் விடக்கூடாது. அவன் அம்மா அத்தனை வருஷம் செய்துவந்ததை, உடம்பு முடியாமல் இந்த வருஷம்தான் மருமகள் கையில் கொடுத்திருக்கிறார். ஊருக்குப் போக ரயிலில் இடம் இல்லை. மெட்ராஸ் போய்க் கடலில் நிற்கலாம் என்றால், ஷிப்மெண்ட் நேரம், கம்பெனியில் சேர்ந்தாற்போல் லீவு இல்லை. கையில் வாங்கிய முதல் வருஷமே விட்டுவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவளுக்கு அழுகை.

"எங்களாட்டம் ஆறு குடும்பம் இங்க இருக்குது அண்ணே. எல்லாரும் வருவாங்க. தண்ணி மட்டும் வேணும்" என்றான் அவன்.

"எவ்ளோ தண்ணி?" என்றாள் என் மனைவி.

அவன் இடுப்பில் கைவைத்துக் காட்டினான்.

என் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஏரி? ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, இறங்கினால் கால் சிக்கும். விவசாயக் கிணறு? படி இல்லாத கிணற்றில் நோன்புக்காரி எப்படி இறங்குவாள். மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி? மெட்ராஸில் அப்படிச் செய்கிறார்கள் என்று அவன் போனில் படமே வைத்திருந்தான். அந்தப் பெண் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆறு வேண்டும்.

"ஆறு பாத்தேன் அண்ணே" என்றான் அவன். "பாலத்துல போர்டு இருக்குது, பாலாறுன்னு. கீழ எட்டிப் பாத்தேன். போர்டு இருக்குது, ஆறு இல்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏதோ நானே குடித்துத் தீர்த்துவிட்டது மாதிரி. அதனால்தானோ என்னவோ, கேட்காமலே வாயைத் திறந்தேன். "மேலதான் இல்ல. மழை பெஞ்சிருக்குதே, தோண்டினா அடியில ஊறும்" என்றேன். வெயில் காலத்தில்கூட மாடு ஓட்டுகிறவர்கள் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் சொன்னேன். அடுத்த நாள் காலையில் லைன் வீடு முழுக்க, பாலாற்றில் நான் ஆறு வரவழைக்கப் போவதாக என் மனைவி சொல்லிவைத்திருந்தாள்.

டவுனை ஒட்டிய இடத்தில் தோண்ட முடியாது, தோல் கழிவு வாசனை அடிக்கும். அந்த வாரமே அவனும் நானும் என் மொபெட்டில் ஆற்றோரமாகவே மேல்புறம் போனோம். ஒரு வளைவில் மணல் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் கோரைப்புல் பச்சையாக நின்றது. ஆட்டுக்காரர் ஒருவர் ஆற்றின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்காமல் தோண்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். கிட்டே போய், தொண்டையைச் செருமி, இந்த மாதிரி பூஜைக்கு ஒரு குழி தோண்டலாமா என்று கேட்டேன்.

"தோண்டிக்கோப்பா. ஆறு இன்னா எங்கப்பன் வூட்டுதா" என்றார் அவர்.

ஒரு ஆளிடம் நானே பேசி அனுமதி வாங்கிவிட்டேன் என்று வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் எதிர்க்கரை ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு எல்லை உண்டு. நடு ஆறு வரை இந்தக் கரைக்காரர்களுடையது, அதற்கு அப்பால் அந்தக் கரை. நாங்கள் பார்த்த இடம் இந்தக் கரை ஊருக்குச் சேர்ந்தது. நான் கேட்டதோ அந்தக் கரை ஆளை.

சாயங்காலப் படையல் ஞாயிற்றுக்கிழமை வந்தது நல்லதாகப் போயிற்று. என் மனைவி சந்தையில் அலைந்து புது மூங்கில் முறங்கள் வாங்கினாள். பிளாஸ்டிக் முறம் கூடாதாம். புது மண் அடுப்பு, மாமர விறகு, முழுக் கரும்பு, வாழைத்தார், இலையோடு மஞ்சள் கொத்து என்று எல்லாம் சேர்ந்தது. அந்தப் பெண் கோதுமை மாவில் வெல்லம் போட்டுத் தட்டிப் பொரித்த பலகாரத்தின் வாசனையில் லைன் வீட்டுப் பிள்ளைகள் கடைசி வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. படைக்கும் முன் யாரும் தொடக்கூடாது. என் மனைவி துடைப்பத்தோடு காவல் இருந்தாள்.

மதியம் பீகார்க்காரர்கள் ஆறேழு பேரும் நானும் ஒரு குட்டியானை வண்டியில் ஆற்றுக்குப் போனோம். எங்களை இறக்கிவிட்ட பிறகு அதே வண்டி திரும்பிப் போய்ப் பெண்களை அழைத்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. டிரைவர் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். "சாப்ட்டு போறேன்" என்று நிழலில் உட்கார்ந்தார். நாங்கள் மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச்சட்டியோடு இறங்கினோம். முட்டி ஆழத்தில் மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் போனதும் தண்ணீர் கசிந்தது. எல்லோரும் கத்திச் சிரித்தார்கள். கசிந்தது கசிந்தபடியே நின்றது, கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. தோண்டத் தோண்டக் கரை சரிந்து விழுந்தது. அள்ளிப்போட்ட மணல் வண்டிக்குப் பக்கத்தில் பெரிய குவியலாக நின்றது.

அந்த நேரத்தில்தான் பைக்குகள் வந்தன.

எங்களைச் சுற்றி ஊரே நின்றது. இரவெல்லாம் முறை வைத்து மணலுக்குக் காவல் காக்கிற ஊர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரு வண்டி, ஒரு மணல் குவியல், மண்வெட்டியோடு வெளியூர் ஆட்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்.

தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். "ராத்திரியில திருடறவனப் பாத்திருக்கறோம். பட்டப்பகல்ல, அதுவும் ஞாயித்துக்கெழம, கும்பலா வந்து திருடறவங்கள இப்பத்தான் பாக்கறோம்" என்றார்.

டிரைவர் சோற்றை விழுங்கிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், சவாரி சார்" என்றார். ஒரு இளைஞன் வண்டிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டான்.

என் பக்கத்து வீட்டுக்காரன், "பூஜை சார், தண்ணி சார், மணல் வேணாம் சார்" என்று எல்லோருக்கும் கை கூப்பினான்.

"தண்ணி வேணும்னா பைப்பாண்ட போறதுதானே? மொதல்ல குழிய மூடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார் துண்டுக்காரர்.

பீகார்க்காரர்கள் உடனே குனிந்து, தோண்டிய மணலைத் திரும்பக் குழியில் தள்ளத் தொடங்கினார்கள். சூரியன் மலைப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. என் போன் அடித்தது.

"எங்கங்க வண்டி? இவ காலையிலேர்ந்து எச்சில்கூட முழுங்காம உக்காந்துகினு இருக்கறா" என்றாள் என் மனைவி.

"வண்டியப் புடிச்சி வெச்சிட்டாங்க" என்றேன்.

"யாரு?"

"ஊரு."

"சரி, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பேசாமல் இருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் துண்டுக்காரர் விடவில்லை. டிரைவரை விட்டால் எங்கள் பக்கத்தில் தமிழ் முகமாக இருந்தது நான் ஒருவன்தான். "நீ நம்ம பக்கத்து ஆளாட்டம் இருக்கற. இவனுங்களுக்கு நீ இன்னா, மேஸ்திரியா? புரோக்கரா?"

"பக்கத்து வீடு" என்றேன்.

"பக்கத்து வீடுன்னா?"

"லைன் வீட்ல. அவங்க கடைசி, நான் அதுக்கு முந்தினது."

யாரோ சிரித்தார்கள். துண்டுக்காரருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது போல, மீசையைத் தடவிக்கொண்டார். நான் பார்த்தேன், குழி பாதிக்கு மேல் மூடிவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லிப் பயனில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு, மாமியார், முதல் வருஷம், ஆட்டுக்காரரிடம் கேட்டது, எல்லாம். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது என் கல்யாணப் பேச்சின்போதுகூட இல்லை.

"யாரக் கேட்டேன்ன? குடை வெச்சினு நிப்பானே, அவனையா?" துண்டுக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடா. அந்தக் கரையான் நம்ம ஆத்த எடுத்துத் தானம் பண்ணியிருக்கறான்."

ஊரின் கோபம் முழுக்க எதிர்க்கரைப் பக்கம் திரும்பியது. அதற்குள் கரைமேல் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. இரண்டிலிருந்தும் கரும்புத் தோகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கியது என் மனைவி. பின்னால் பெண்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். நோன்புக்காரிக்கு மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சுக் குங்குமம். அவள் புருஷன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி, கைகால் கழுவி, மூங்கில் கூடையைத் தலையில் வாங்கிக்கொண்டான். கூட்டம் தானாக விலகி வழி விட்டது.

கரையோரத்து நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய புடவையோடு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். கூடையை எட்டிப் பார்த்தார். "கரும்பு, மஞ்ச, வாழத்தாரு. இன்னாடி இது, பொங்கலுக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்குது" என்றார்.

"இவங்களுக்கு இப்பவே சூரியன் வந்துட்டாருக்கா" என்றாள் என் மனைவி. "நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல இவளுக்கு. நாளைக்குக் காலையில வரைக்கும் படாது."

அந்த அம்மா நோன்புக்காரியின் முகத்தைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. பிறகு துண்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவர் இந்த அம்மாவின் கணவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "நீ ஒரு வேள காப்பி லேட்டானா ஊரக் கூட்டறவன். இவளாண்ட வந்து மணல் நாயம் பேசறியா? குழிய மூடச் சொன்னது யாரு?"

"மணலு போச்சுன்னா அப்புறம் நீதான் கேப்ப."

"போவாது. கரும்பு கட்டினு வந்து மணல் திருடறவன் எந்த ஊர்லயும் இல்ல. தோண்டச் சொல்லு. அங்க இல்ல, கோரைப்பக்கம். அங்கதான் ஊறும். இதுங்களுக்கு அதுவும் தெரியல."

துண்டுக்காரர் சாவியை வாங்கி டிரைவரிடம் எறிந்தார். "ஒரு கைப்பிடி மணல்கூட ஆத்த வுட்டுப் போவக்கூடாது. நாளைக்குப் பூச முடிஞ்சதும் மூடிட்டுத்தான் கெளம்பணும், மாடு வுழுந்துடும்" என்றார். பிடித்து வைத்த இளைஞர்களே மண்வெட்டியை வாங்கித் தோண்டினார்கள். பீகார்க்காரர்களும் ஊர்க்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வெட்டினார்கள். கோரைப்பக்கம் தண்ணீர் சலசலவென்று சத்தத்தோடேயே வந்தது. முட்டிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

சூரியன் மலைமேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது. இனி தோண்ட நேரமில்லை. எல்லோரும் நோன்புக்காரியைப் பார்த்தோம். இடுப்பளவு தண்ணீர் வேண்டியது அவளுக்குத்தான். அவள் குழியில் இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் சரியாக இடுப்புக்கு வந்தது. முறத்தை இரண்டு கையாலும் மேற்கே தூக்கினாள்.

மற்ற பெண்களும் இறங்கி அப்படியே உட்கார்ந்துகொண்டு பாடினார்கள். என் மனைவி குழியின் கரையில் கரும்பு சாயாமல் பிடித்துக்கொண்டு, புரியாத பாட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

குழிக்குக் காவல் நாங்கள் இருக்கிறோம் என்று அந்த ஊர் இளைஞர்கள் சொல்லிவிட்டார்கள். எப்படியும் அன்று அவர்கள் முறைதானாம்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே திரும்பிப் போனோம். இரவில் மணல் அடங்கி, தண்ணீர் தெளிந்து, முட்டியைத் தாண்டி ஏறியிருந்தது. பெண்கள் இறங்கிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். கிழக்கில் மேகம். வெளிச்சம் பரவிற்று, ஆனால் சூரியனைக் காணோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நோன்புக்காரியின் கையில் முறம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவள் புருஷன் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொண்டான். கம்பெனி சைரன் ஊதும் நேரம் ஆகிவிடுமே என்று எனக்கு ஒரு பக்கம் கவலை. மேஸ்திரியிடம், லேட்டாக வருவோம் என்று முன்பே சொல்லியிருந்தோம். எவ்வளவு லேட் என்று சூரியனைத்தான் கேட்க வேண்டும்.

நிலத்துக்கார அம்மாவும் ஊர்ப் பெண்கள் சிலரும் கரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "எங்களுக்கு வேணாங்கறப்பல்லாம் வந்து காய்வான். இன்னிக்கி வேணும்னா பவுசு பண்றான் பாரு" என்றார் அந்த அம்மா, வானத்தைப் பார்த்து, வீட்டு ஆளைத் திட்டுகிற மாதிரி.

மேகத்தின் ஓரம் முதலில் சிவந்தது. பிறகு ஒரு நகத்துண்டு அளவு எட்டிப் பார்த்தது. அது போதும் என்றான் அவன். நோன்புக்காரி முறத்தை உயர்த்தினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முறத்துக்கு முன்னால் பாலும் தண்ணீரும் விட்டார்கள். என் மனைவி என்னைத் தள்ளிவிட்டாள். நானும் இறங்கி ஒரு சொம்பு ஊற்றினேன். ஊற்றும்போது தண்ணீர் நோன்புக்காரியின் கைவழியாக வழிந்து குழியில் விழுந்தது.

அவள் கரையேறியதும் இஞ்சித் துண்டும் வெல்லமும் கொடுத்தார்கள். அப்புறம் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாதிச் சொம்பில் நிறுத்தி, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, மீதியையும் குடித்தாள். புருஷன் போனை நீட்டினான். வீடியோவில் மாமியார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள், சேர்ந்து சிரித்தார்கள்.

பிரசாதத்தைக் கேட்டு வாங்குவதுதான் புண்ணியம் என்று கரையில் இருந்த பெண்களிடம் அவன் சொன்னான். "கேட்டா குடுப்பீங்களா? எங்க வூட்ல கேட்டாலும் கெடைக்காது" என்று நிலத்துக்கார அம்மா கணவரைப் பார்த்துக்கொண்டே முந்தானையை விரித்தார். துண்டுக்காரரும் துண்டை விரித்தார். பலகாரத்தைக் கடித்துப் பார்த்தார். "கெட்டியா இருக்குது. ஆனா நல்லா இருக்குது" என்று இன்னொன்று கேட்டார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து குழியை மூடினோம். மணல் குவியல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் துண்டுக்காரர் தன் செருப்பைக் கழற்றி, உள்ளே புகுந்த மணலைக் குழி இருந்த இடத்தில் தட்டினார்.

"அடுத்த வருசம் என்னாண்ட வந்து சொல்லுங்க" என்றார். "அந்தக் கரையான கேக்காதீங்க."

நாங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கால்சட்டைகள் இன்னும் முட்டிவரை ஈரமாகத்தான் இருந்தன.